எழுந்ததும் கண் இருட்டுவது: புதுப்பிப்பு

சட்டென்று எழும்போது தலை கிறுகிறுத்துக் கண் இருட்டுவது பற்றி எழுதிய இழையில், தண்ணீர் குடிப்பதையும் மெதுவாக எழுவதையும் சொல்லியிருந்தேன். வீட்டில் பிரஷர் மெஷின் வைத்து இதை அளந்து பார்ப்பது எப்படி என்று பலர் கேட்டதால் இது.

காலையில் அளப்பது நல்லது. அப்போதுதான் எழும்போது பிரஷர் இறங்குவது அதிகம் தெரியும். துணைக்கு ஒருவர் இருக்கட்டும். ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்து, பிரஷரையும் நாடித்துடிப்பையும் குறியுங்கள். கையில் சுற்றிய பட்டையைக் கழற்றாமல் எழுந்து நின்று, 1ஆவது நிமிடமும் 3ஆவது நிமிடமும் மறுபடி பாருங்கள். கையைத் தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டி, இறக்கமே மறைந்துபோகும். பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி கையைத் தாங்கி வையுங்கள்.

படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷர் இறங்காமல் துடிப்பு மட்டும் முன்பைவிட நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடினாலும் காட்ட வேண்டும். எழுந்த 15 விநாடிக்குள் வந்து போகும் கிறுகிறுப்பை இந்த மெஷின் பிடிக்காது. அளவு சரியாக இருப்பதால் எல்லாம் உங்கள் கற்பனை என்று ஆகிவிடாது.

முதலில் பார்வை மங்குவது ஏன்? விழிக்குள் ஏற்கெனவே ஓர் அழுத்தம் இருக்கிறது. பிரஷர் விழுந்தால் விழித்திரைக்குத்தான் ரத்தம் முதலில் குறையும். மயக்கம் அடுத்து வரலாம், உடனே உட்காருங்கள். உட்கார இடமில்லையா, கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள்.

புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், நீர் பிரியும் மாத்திரை இரண்டுமே இந்தக் கிறுகிறுப்பைக் கிளப்பும், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ, அளந்துகொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.