ஆல்டர்னேட்டரில் 13.9 வோல்ட், பேட்டரியில் 13.2: இடையில் எங்கே போகுது?

அண்ணாச்சிமாரே, ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்) பத்தி ஒரு சந்தேகம். பெட்ரோல் ஹேட்ச்பேக், 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. தினசரி ஓட்டம் செங்கோட்டை–தென்காசி, ஒரு வழி 8 கிலோமீட்டர்தான். சாரல் சீசன்ல வைப்பர், ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் ஒண்ணா ஓடுது. காலையில பேட்டரி 12.2 வோல்ட், அதாவது பாதி சார்ஜ். முழு சார்ஜ்னா 12.6க்கு மேல நிக்கணும்.

பார்த்தவரை: வண்டியைப் பூட்டி 40 நிமிஷம் கழிச்சு பேட்டரியில இருந்து கரண்ட் கசிவு 25 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர்-அவர்தான் போகும், அதுல குறை இல்ல. இன்ஜின் ஓடும்போது லோடு (லைட், ப்ளோயர் எதுவும்) இல்லாம 14.2 வோல்ட். எல்லாத்தையும் போட்டு 2000 ஆர்பிஎம்ல வச்சா பேட்டரி டெர்மினல்ல 13.2, அதே நேரம் ஆல்டர்னேட்டரோட அவுட்புட் போல்ட்டுக்கும் அதோட பாடிக்கும் நடுவுல 13.9. இந்த 0.7 வித்தியாசத்துல எர்த் (நெகட்டிவ்) பக்கம் இழப்பு 0.1தான். மீதி 0.6 பாசிட்டிவ் பக்கம் போகுது, அங்கே 0.3 தாண்டக் கூடாது. பேட்டரி அந்த 13.2ல மெதுவாத்தான் ஏறும், கடைசி 20 சதவீதம் ஏறவே மணிக்கணக்காகும். கால் மணி நேர ஓட்டத்துல எப்படி நிரம்பும்? இப்படியே பாதி சார்ஜ்ல கிடந்தா தகட்டுல சல்பேட் படிஞ்சு பேட்டரியே போயிடும்.

ஒர்க்‌ஷாப்ல ஆல்டர்னேட்டரை மாத்தச் சொல்றாங்க. ஆல்டர்னேட்டர்லயே 13.9 வருது, அந்த அளவைப் பார்த்தா அது தப்பா தோணுது. பேட்டரி மேல போல்ட் போட்ட ஃபியூஸ் லிங்க்தான் (பாசிட்டிவ் கேபிள் வழியில வர்ற பெரிய ஃபியூஸ்) அரிச்சிருக்கும்னு நினைக்கிறேன்.

லிங்க்கை மட்டும் மாத்தி யாருக்காவது சரியாச்சா, இல்ல கேபிளையும் மாத்தணுமா? தென்காசியிலயோ புனலூர்லயோ கேபிள் முனையில செம்பு லக் (போல்ட் மாட்டுற வளையம்) வச்சு ஒழுங்கா கிரிம்ப் பண்ற (அழுத்திப் பிடிக்கிற) எலக்ட்ரீஷியன் கடை தெரிஞ்சா சொல்லுங்க.