எல்லாவற்றையும் விற்கவேண்டுமா? வாலிபர் வகுப்புக்கு உதவி தேவை

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு எங்கள் வாலிபர் வகுப்பில் முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடச் சொல்லும் மத்தேயு 6:33 பாடம். போன வாரமே ஒரு தம்பி மடக்கிவிட்டான்: "மாற்கு 10-இல் ஐசுவரியவானை எல்லாவற்றையும் விற்கச் சொன்ன இயேசு, லூக்கா 19-இல் பணக்காரனான சகேயு தன் ஆஸ்தியில் பாதியைக் கொடுப்பதாகச் சொன்னதும் ஏற்றுக்கொண்டாரே! தவணையில் வாங்கிய என் பைக்கை என்ன செய்ய, அண்ணா?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

அப்போஸ்தலர் 16-இல் இரத்தாம்பர (விலையுயர்ந்த ஊதாத் துணி) வியாபாரி லீதியாளோ, வீட்டை விற்காமல் அதிலேயே பவுலைத் தங்கவைத்தாள். நம் எஜமான் தேவனா, பணமா என்பதே முதல் கேள்வி (மத்தேயு 6:24) என்று சொல்லலாம். ஆனால் வசதி படைத்தவர்கள் அதில் சுலபமாக ஒளிந்துகொள்வார்கள்!

புதிதாகச் சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்கினீர்கள்? தசமபாகத்தோடு (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது) முடிகிற பதில் மட்டும் வேண்டாம். அது அவர்களுக்கு மனப்பாடம். சனிக்கிழமைக்குள் எழுதினால் நல்லது.