இரண்டு ஏக்கரில் யார் தயவும் இல்லாமல் வாழ முடியுமா?

ரங்கூன் பேரன்:
பர்மாவில் பெகு பக்கம் தாத்தா உழுத இரண்டு ஏக்கர் சும்மா கிடக்கிறது. ரங்கூன் வேலையை விட்டுவிட்டு அங்கே போய், அரிசி, காய், முட்டை எல்லாம் சொந்தமாக விளைவித்து, யார் தயவும் இல்லாமல் இருந்துவிட ஆசை. நிலத்தில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்.

பெகு வயக்காட்டான்:
வாங்க தம்பி. காய்க்கும் முட்டைக்கும் யார் தயவும் வேண்டாம். நடவுக்கு வேண்டும். மழை பிடித்து நாற்று தயாரானால் சட்டுபுட்டென்று நட்டு முடிக்க வேண்டும், விட்டால் முற்றிவிடும். கூலிக்கு ஆள் தேடினால், இளவட்டம் பாதிப்பேர் தாய்லாந்திலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். அதனால் எங்கள் பக்கம் மாத்தாள்தான், கூலிக்குப் பதில் ஆளுக்கு ஆள். பர்மியர், கரேன்காரர், நம்மாட்கள் எல்லோரும் சேர்ந்து, ஒரு நாளைக்கு ஒரு வீட்டு வயல். கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் மறப்பதும் இல்லை. ஒருவர் ஆள் அனுப்பாமல் காசைக் கொடுத்துப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருடம் அவர் வயல்தான் கடைசியாக நடவானது!

நடவன்று சாப்பாடு வயல்காரர் வீட்டில். சோறு, மீன் குழம்பு, அவித்த காய்க்குத் தொட்டுக்கொள்ள ஙாப்பி என்கிற புளித்த மீன் விழுது. இதில் கை இறுக்கினால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். எங்கள் வீட்டு நடவென்றால் பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி முதலில் ஒரு தம்ளர் ரசம் கேட்டு வாங்கிக் குடிப்பார், அப்புறம்தான் சோற்றில் கை வைப்பார்.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். நெல் அறுத்த ஈரத்திலேயே இங்கே உளுந்து போடுவோம், கைச்செலவுக்கு அதுதான். அதைப் பெரும்பாலும் வாங்குவது இந்தியா. 2017 ஆகஸ்டில், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து வருடத்துக்கு 3 லட்சம் டன்தான் இறக்குமதி என்று அங்கே வரம்பு போட்டார்கள். இங்கே விலை விழுந்தது. நிலம் முழுக்க உளுந்தை நம்பியவர்கள் கடனில் மாட்டினார்கள். வரப்போரம் புளிச்சக்கீரை, முருங்கை, கொல்லையில் வாத்து என்று வைத்திருந்த வீடுகளில் சாப்பாட்டுக்காவது குறைவில்லை. உங்கள் ஆசையைத் தப்பென்று சொல்ல மாட்டேன். எதில் சொந்தக்கால், எதில் ஊர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முடோன் அக்கா:
அண்ணன் சொல்வது நடவுக்குச் சரி. கருவிக்கு ஒத்துவராது. எங்கள் தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு டீசல் பம்ப் வாங்கினோம். எல்லோருக்கும் சொந்தம் என்றதும் எண்ணெய் மாற்ற ஒருத்தரும் இல்லை. கோடையில் மிளகாய் வாடிக்கொண்டிருந்தபோது இஞ்சின் இறுகிப்போய்விட்டது. இப்போது அது ரிப்பேர் தெரிந்த மோன் இனத்து அண்ணன் வீட்டில் நிற்கிறது. எடுத்துப்போகிறவர் டீசல் ஊற்ற வேண்டும், ரிப்பேர் அண்ணன் வயலுக்கு முதல் தண்ணீர். சண்டை நின்றுவிட்டது. கூட்டுச் சொத்து வாங்குவதற்கு முன் பொறுப்பு யாருடையது என்று பேசி வைத்துவிடுங்கள் தம்பி, கூச்சப்படவேண்டாம்.

பியாபோன்காரன்:
விதையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2008 மே 2 நர்கிஸ் புயலில் கடல்தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. விதைப்புக்கு எடுத்து வைத்திருந்த நெல் போனது, எருமைகளும் போயின. விதைநெல்லை வெளியில் வாங்காத குடும்பம் என்று அப்பாவுக்கு ஏகப் பெருமை. ஆனால் அத்தனையும் ஒரே பரணில்தானே இருந்தது! அந்த வருடம் பெகுவிலிருந்து மாமா அனுப்பிய நெல்லைத்தான் விதைத்தோம். அது எங்கள் உப்புமண்ணுக்குச் சரியாக வரவில்லை, கதிர் பாதி பதர். அதற்கப்புறம் எங்கள் விதையில் ஒரு பங்கு மாமா வீட்டில், மாமா விதையில் ஒரு பங்கு எங்கள் வீட்டில். சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவுக்குப் போகும்போது புதுசாக மாற்றிக்கொள்வோம். தம்பி, நீங்கள் போனதும் தாத்தா விதைத்த நெல் அந்தப் பக்கம் யாரிடமாவது மிச்சமிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கேட்டால் கொடுப்பார்கள். அறுத்ததும் அவர்கள் கொடுத்ததைவிட ஒரு படி கூடுதலாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.