பேலியோவில் எடை நின்னு போச்சு (டெலிவரிக்கு அப்புறம்) – உதவி ப்ளீஸ்

கவின்அம்மா · இரவு 11:52
எல்லாருக்கும் வணக்கம். குழந்தை பிறந்த பிறகு பேலியோ (மாவுச்சத்தைக் குறைச்சு, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடற டயட்) ஆரம்பிச்சேன். முதல்ல கடகடன்னு இறங்குச்சு, இப்போ அப்படியே நிக்குது. அரிசி, கோதுமை, சர்க்கரை எதையும் தொடறதே இல்லை. டெஸ்ட் எல்லாம் நார்மல். எங்க தப்பு பண்றேன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. பையன் முழிச்சிட்டான், அப்புறம் வந்து பார்க்கிறேன்.

நெய்தோசை · இரவு 11:58
குழந்தைக்கு எத்தனை மாசம்? தாய்ப்பால் கொடுக்கறீங்களா? உயரம், எடை? எத்தனை வாரமா நிக்குது? "டெஸ்ட் எல்லாம்"னா என்னென்ன டெஸ்ட்?

பழையசோறு · காலை 6:10
இதே கேள்வி வாரத்துக்கு மூணு தடவை வருது. பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. சரி, இன்னொரு தடவை சொல்றேன். முதல் ரெண்டு வாரத்துல இறங்கினது கொழுப்பு இல்லைம்மா, தண்ணி. கல்லீரல்லயும் தசையிலயும் சேர்த்து வச்ச கிளைக்கோஜன் (மாவுச்சத்தோட சேமிப்பு) ஒவ்வொரு கிராமும் கூடவே சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினதும் ரெண்டும் சேர்ந்து காலி. அதைப் பார்த்துட்டு வாராவாரம் ரெண்டு கிலோ போகும்னு கணக்குப் போட்டா ஏமாற்றம்தான். எடை நிக்கலை, வேஷம் கலைஞ்சிருக்கு.

உப்புக்கல் · காலை 6:31
தேக்கத்தை உடைக்க ஒரே வழி 72 மணி நேர வாட்டர் ஃபாஸ்டிங். தண்ணி, இந்துப்பு, எலுமிச்சை. மூணாம் நாள் மெஷின்ல ஏறிப் பாருங்க.

லேபர்வார்டு · காலை 6:44
உப்புக்கல், அதை உடனே எடுத்துடுங்க. அவங்க பால் கொடுக்கிறாங்களா இல்லையான்னே இன்னும் தெரியாது. தாய்ப்பால்ல 100 மில்லிக்கு சுமார் 7 கிராம் லாக்டோஸ். ஒரு நாளைக்கு 750 மில்லி சுரந்தா 50 கிராமுக்கு மேல சர்க்கரை உடம்பை விட்டு வெளிய போகுது. உள்ள வர்ற மாவுச்சத்து 30, 40 கிராம்னா ஏற்கெனவே பற்றாக்குறை. அதுக்கு மேல பட்டினியும் சேர்ந்தா கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்துல கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறுறது) வரைக்கும் போகலாம். சர்க்கரை நோய் இல்லாத, பால் கொடுக்கிற பெண்களுக்கே வந்திருக்கு. ரத்தத்துல சர்க்கரை நார்மலா காட்டும், அதனால சுலபமா தவறிப்போகும்.

கவின்அம்மா, வாந்தி, வயித்துவலி, வேகமா மூச்சு வாங்குறது, எழுந்து நிக்க முடியாத அசதி, இதுல எது வந்தாலும் நேரா கேஷுவாலிட்டி. போனதும் "பால் கொடுக்கிறேன், மாவுச்சத்து சாப்பிடறதில்லை"ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க.

உப்புக்கல் · காலை 7:02
பொதுவாத்தான் சொன்னேன். இருந்தாலும் அதை வாபஸ் வாங்கிக்கிறேன், பால் கொடுக்கிறவங்களுக்கு இது இல்லை.

கவின்அம்மா · காலை 10:20
ஸாரி, இப்பதான் நேரம் கிடைச்சது. பையனுக்கு 7 மாசம். சிசேரியன். பால் கொடுக்கிறேன், ஒரு மாசமா ராகிக் கூழும் ஆரம்பிச்சாச்சு. உயரம் 158. 81ல இருந்து 75 வந்தேன், 5 வாரமா 75தான். காலையில பட்டர் டீ, அப்புறம் 100 பாதாம், மதியம் காலிஃப்ளவர் சாதம் (அரிசி இல்லை, துருவின காலிஃப்ளவர்தான்), 4 முட்டை, சாயங்காலம் தேங்காய், ராத்திரி பனீர் 200 கிராம். நெய் ரெண்டு ஸ்பூன். அவ்வளவுதான். தைராய்டு மாத்திரை உண்டு, ஆனா டிஎஸ்எச் (தைராய்டு மந்தமானா ஏறுற ரத்த அளவு) 1.1, நார்மல்.

நெய்தோசை · காலை 10:41
நெய் எந்த ஸ்பூன்? டீஸ்பூனா, கரண்டியா? தேங்காய் எவ்வளவு?

கவின்அம்மா · காலை 10:43
தாளிக்கிற சின்ன கரண்டி. தேங்காய் கால் மூடி மாதிரி.

நெய்தோசை · காலை 11:15
அதான் கேட்டேன். தாளிக்கிற கரண்டி ஒண்ணு 25, 30 மில்லி பிடிக்கும். ரெண்டு கரண்டின்னா 50 கிராம் நெய், அதுவே சுமார் 450 கலோரி. 100 பாதாம் ஏறக்குறைய 115 – 120 கிராம் எடை, 690 கலோரி கிட்ட. பனீர் 200 கிராம் 530. நாலு முட்டை 300. டீயில வெண்ணெய் 20 கிராம் போட்டா 145. தேங்காய் 200. காய்க்கு ஒரு 100. கூட்டினா 2400.

ஐசிஎம்ஆர் – என்ஐஎன் (மத்திய அரசோட மருத்துவ, ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனங்கள்) 2020 அளவுப்படி, அதிகம் உடலுழைப்பு இல்லாத 55 கிலோ பெண்ணுக்கு 1660 கலோரி. பால் கொடுத்தா முதல் ஆறு மாசம் கூடுதலா 600, அடுத்த ஆறு மாசம் 520. உங்க எடைக்குக் கொஞ்சம் கூட்டிக்கிட்டாலும் வரவும் செலவும் ஒண்ணுதான். பையன் கூழ் குடிக்க ஆரம்பிச்சதும் பால் போற அளவும் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். உங்க தேக்கம் எப்போ தொடங்குச்சுன்னு அதோட பொருத்திப் பாருங்க.

பட்டினி கிடக்க வேண்டாம். பாதாமை 40 ஆக்குங்க, நெய்யை டீஸ்பூன்ல அளந்து 4. இதுலயே 600 – 700 குறையும். அவ்வளவும் குறைக்கறது பால் கொடுக்கிறப்போ அதிகம், அதனால அதுல பாதியைத் திருப்பிப் போடுங்க: மதியம் 100 கிராம் வெந்த சாதம் (130 கலோரி, 28 கிராம் மாவுச்சத்து), ஒரு கொய்யா, கொஞ்சம் கூடுதலா மீனோ முட்டையோ. வாரம் அரை கிலோவுக்கு மேல இறங்கக் கூடாது.

பழையசோறு · காலை 11:32
பேலியோ இழையில சாதம் போடச் சொல்றீங்க. காலம்தான்.

லேபர்வார்டு · காலை 11:36
பேரே பழையசோறுன்னு வச்சுக்கிட்டு சாதத்தைக் குறை சொல்றீங்க.

மரச்செக்கு · பகல் 12:05
தாளிக்க என்ன எண்ணெய்னு யாருமே கேட்கலையே? ரீஃபைண்ட் எண்ணெய்னா எடை இறங்கவே இறங்காது. செக்கு நல்லெண்ணெய்க்கு மாறுங்க. உடம்பு அதைக் கொழுப்பா சேர்க்காது.

பழையசோறு · பகல் 12:20
எந்த எண்ணெயா இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. செக்குல ஆட்டினா 8 ஆயிடாது. வாசனைக்கு வாங்குங்க, ருசிக்கு வாங்குங்க, இடுப்பு இளைக்க வாங்காதீங்க.

கொத்தமல்லி · பகல் 1:14
சின்ன சந்தேகம். செக்கு நல்லெண்ணெய்ல கருப்பட்டி போட்டுத்தானே ஆட்டுறாங்க? அப்போ அது பேலியோவுக்கு ஆகுமா?

மரச்செக்கு · பகல் 1:30
கருப்பட்டி போடலைன்னா அது நல்லெண்ணெயே இல்லை. வெல்லம் போடுற இடத்துல வாங்காதீங்க.

பழையசோறு · பகல் 1:52
சர்க்கரை எண்ணெயில கரையாது. எள்ளு அரைபடும்போது ஈரமும் பிசுக்கும் சேர்ந்தாத்தான் பிண்ணாக்கு திரண்டு எண்ணெய் பிரியும், கருப்பட்டி அதுக்குத்தான். போட்டதெல்லாம் பிண்ணாக்கோட போயிடும், மிச்சம் மீதி வண்டலா அடியில தங்கும். ரெண்டு நாள் வெயில்ல வச்சுத் தெளிவை இறுத்துக்கிட்டா மாவுச்சத்துக் கணக்குல பூஜ்யம்.

கொத்தமல்லி · பகல் 2:10
அப்போ ருசி எங்கிருந்து வருது? கருப்பட்டி போட்ட எண்ணெய் தித்திப்பா இருக்குன்னு சொல்றாங்களே?

லேபர்வார்டு · பகல் 2:25
எள்ளுச் சண்டையைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போமா? கவின்அம்மா, இன்னும் கேட்க வேண்டியது இருக்கு. பிரசவ லேகியம் சாப்பிடறீங்களா? அதுல பாதி கருப்பட்டியும் நெய்யும்தான். பால் ஊற சதாவரித் துகள் ஏதாவது? பெரும்பாலான டப்பாக்கள்ல சர்க்கரை கலந்திருக்கும், பின்பக்கம் படிங்க. கருத்தடைக்கு என்ன? காப்பர் டின்னா எடைக்குச் சம்பந்தமில்லை. மூணு மாசத்துக்கு ஒருதரம் போடுற அந்தரா ஊசின்னா எடை கூடலாம். மாதவிடாய் திரும்பிடுச்சா? அதுக்கு முந்தின வாரம் ஒண்ணு ரெண்டு கிலோ நீர் கோர்க்கும், மெஷின் அதைத் தனியா காட்டாது.

சோதனைக்குழாய் · பகல் 3:40
தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்களை டிஎஸ்எச் நார்மல்னு அப்படியே விட்டுட முடியாது. எந்த டோஸ், எத்தனை மணிக்கு, அதுக்கு முன்னாடி பின்னாடி என்ன சாப்பிடறீங்க? அயர்ன், கால்சியம் இன்னும் போகுதா? முடி கொட்டுறதுக்கு மாத்திரை ஏதாவது? மலச்சிக்கல், குளிர் தாங்காம இருக்கறது, காலையில முகவீக்கம் உண்டா?

கவின்அம்மா · மாலை 6:05
லேகியம் நிறுத்தியாச்சு. காப்பர் டி. பீரியட்ஸ் இன்னும் வரலை. தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம், கர்ப்பத்துல 75 இருந்துச்சு. காலை 6 மணிக்கு மாத்திரை, உடனே பட்டர் டீ, டிஃபன் டைம்ல அயர்னும் கால்சியமும். முடி ரொம்பக் கொட்டுது, பயோட்டின் 10 மி.கி. எடுக்கிறேன். மலச்சிக்கல் உண்டு, ஃபேன் போட்டாலே குளிருது. டயட்டாலன்னு நினைச்சேன்.

சோதனைக்குழாய் · மாலை 6:38
ரெண்டு இடத்துல சிக்கல் இருக்கலாம்.

முதல்ல மாத்திரை. தைராக்ஸின் வெறும் வயித்துல, வெறும் தண்ணியோட. அதுக்கப்புறம் டீயோ காபியோ சாப்பாடோ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான். அயர்னும் கால்சியமும் குடல்ல அதைப் பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல ஏறவிடாது. 4 மணி நேரம் இடைவெளி வேணும். நீங்க சொல்ற நேரப்படி 50ல எவ்வளவு உள்ள போகுதோ!

அடுத்தது பயோட்டின். பல லேப் மெஷின்கள் டிஎஸ்எச்சை அளக்கவே பயோட்டினும், அதைக் கெட்டியா பிடிச்சுக்கிற ஸ்ட்ரெப்டாவிடின்ங்கற புரதமும் சேர்ற பிணைப்பைத்தான் பயன்படுத்துது. ரத்தத்துல பயோட்டின் மிதந்தா டிஎஸ்எச் பொய்யா குறைச்சுக் காட்டும், ஃப்ரீ டி4 (ரத்தத்துல இருக்கிற தைராய்டு ஹார்மோன்) பொய்யா கூட்டிக் காட்டும். எல்லா மெஷினுக்கும் இது பொருந்தாது, ஆனா உங்க ரிப்போர்ட்டைப் பார்த்து எந்த மெஷின்னு சொல்ல முடியாது. 10 மி.கி. சின்ன அளவு இல்லை. குறைஞ்சது 2 நாள் பயோட்டினை நிறுத்திட்டு, காலையில தைராய்டு மாத்திரை போடறதுக்கு முன்னாடி ரத்தம் கொடுங்க. டிஎஸ்எச், ஃப்ரீ டி4. ஆன்டி டிபிஓவும் (தைராய்டைத் தாக்குற எதிர்ப்பொருள் டெஸ்ட்) பார்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற தைராய்டு அழற்சியில 4 – 8 மாசத்துலதான் சுரப்பு மந்தமாகும், நீங்க அந்தக் கட்டத்துல இருக்கீங்க. டோஸை நீங்களா கூட்டாதீங்க.

முடி கொட்டுறது பிரசவமான 3, 4 மாசத்துல தொடங்கி தானே அடங்கும். பயோட்டின் குறைபாடு இல்லாதவங்களுக்கு அந்த மாத்திரையால பெரிசா பலன் கிடையாது.

பழையசோறு · மாலை 7:15
நல்ல பதில். ஒண்ணு சேர்க்கிறேன்: தைராய்டு சரியானா பத்து கிலோ கரையும்னு கனவு காணாதீங்க. மந்த தைராய்டால ஏறுற எடை பெரும்பாலும் உப்பும் நீரும், சில கிலோதான். பாதாம் கணக்கு அப்படியேதான் நிக்கும்.

உப்புக்கல் · இரவு 8:50
வயிறு மட்டும் தொங்குதுன்னா அது கொழுப்பாவே இருக்கணும்னு இல்லை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை லேசா தூக்கி, தொப்புள் கிட்ட நடுக்கோட்டுல விரலை வச்சு அழுத்துங்க. ரெண்டு விரலுக்கு மேல உள்ள இறங்குனா வயித்துத் தசை பிரிஞ்சிருக்கு. டயட்டால அது சேராது, பிசியோதெரபிஸ்டைப் பாருங்க. சிட்அப்ஸ் இப்போ வேண்டாம்.

நெய்தோசை · இரவு 9:05
காலையில உருப்படியா சொல்லியிருக்கலாம் நீங்க 🙂

மரச்செக்கு · மறுநாள் காலை 7:20
கருப்பட்டி பத்தி: தித்திப்பு எள்ளோட சொந்த ருசி. ஆனா பிண்ணாக்குல எல்லாம் போயிடுதுங்கறதை நான் முழுசா ஒத்துக்கல. இறுக்காத எண்ணெய்ல வண்டல் இருக்கும்.

பழையசோறு · மறுநாள் காலை 7:41
வண்டல் இருக்கும்னு நானேதான் மேல எழுதியிருக்கேன். படிச்சுட்டு மறுத்தா நல்லா இருக்கும்.

கவின்அம்மா · 9 நாள் கழிச்சு, இரவு 12:30
பயோட்டின் நிறுத்தி டெஸ்ட் எடுத்தேன். டிஎஸ்எச் 9.8. டாக்டர் டோஸ் ஏத்தலை, முதல்ல நேரத்தை மாத்துங்க, 6 வாரம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்னாங்க. அயர்னும் கால்சியமும் ராத்திரிக்கு மாத்திட்டேன். நெய் அளந்துதான் போடறேன். எடை இன்னும் 75தான், ஆனா மலச்சிக்கல் குறைஞ்சிருக்கு. எல்லாருக்கும் நன்றி.

லேபர்வார்டு · மறுநாள் காலை 6:15
அயர்ன், கால்சியம் ரெண்டையும் ராத்திரி சேர்த்தேவா போடறீங்க? கால்சியம் அயர்னைத் தடுக்கும், ரெண்டு மணி நேரமாவது பிரிச்சுப் போடுங்க. மதியச் சாப்பாட்டோட கால்சியம், ராத்திரி அயர்ன். கடைசியா ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்துச்சு?