மூடிய அரசு மருத்துவமனையைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து திறக்கலாமா?

கடலோரம்:
மலேசியாவில் நம் பினாங்கு ஜிஎச் (அரசுப் பொது மருத்துவமனை) நெரிசலைப் பார்த்தால், மூடிக்கிடக்கும் எந்த அரசு மருத்துவமனையையும் பல்கலைக்கழகத் துணையோடு திறக்க வேண்டும் என்பது என் வாதம். லாஸ் ஏஞ்சலஸின் மார்ட்டின் லூதர் கிங் மருத்துவமனை 1972-ல் திறந்து 2007-ல் மூடியது. கவுண்டி (வட்டார) அரசும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் கைகோத்து, லாப நோக்கற்ற தனி நிறுவனம் அமைத்து, 2015-ல் 131 படுக்கையோடு மறுபடி திறந்தார்கள். இங்கே ஏன் முடியாது?

இரவுப்பணி:
பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள் ஐயா. அதன் நெடுங்காலப் பெயர் கிங்-ட்ரூ. ட்ரூ என்பதே ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம்தான். சரிவு தொடங்கியபோது அது உள்ளேயே இருந்தது. மானிட்டர் அலறியும் பார்க்க ஆளில்லாமல் நோயாளிகள் இறந்தார்கள். அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கான அங்கீகாரம் போனது. 2007-ல் ஒரு பெண் காத்திருப்பு அறைத் தரையில் 45 நிமிடம் வலியில் கிடந்து இறந்தார். மத்திய அரசின் ஆய்விலும் தோற்றதும் பணம் நின்றது, மூடினார்கள்.

கடலோரம்:
அதனால்தான் இரண்டாம் முறை அமைப்பையே மாற்றினார்கள். தனி நிர்வாக வாரியம், குறைந்த படுக்கைகள், ட்ராமா (கடும் விபத்துக் காய) பிரிவு கிடையாது. பழைய தவற்றிலிருந்து கற்றதைத்தானே நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும்?

பட்டர்வொர்த்_பராமரிப்பு:
வாரியத்துக்கு முன் குழாயைப் பாருங்கள். மூடிய கட்டடத்தில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க் கிருமி வளர்ந்திருக்கும். தொட்டியைக் கழுவி, ஒவ்வொரு குழாயையும் திறந்து ஓடவிட்டு, அதிக குளோரின் ஏற்றி, சுடுநீரை 60 டிகிரியில் சேமித்து, பிறகு மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வர ஒரு வாரத்துக்கு மேலாகும். தோற்றால் முதலிலிருந்து. பயன்படாத முட்டுக் குழாய்களை வெட்டி எடுக்காவிட்டால் கிருமி அங்கிருந்தே திரும்பி வரும்.

நம் ஊர் ஈரத்தில் ஏர்கோன் டக்ட் (காற்றுக்குழாய்) உள்ளுறை ஊறிப் பூஞ்சை பிடித்திருக்கும். துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்கு மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும், உள்ளே அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் குழாய்க்கு அழுத்தச் சோதனை மட்டும் போதாது. ஒவ்வொரு குழாய்முனையிலும் வரும் வாயு எதுவென்று அளந்து பார்க்க வேண்டும். குழாய் மாறி இணைந்திருந்தால் உயிர் போகும்.

இரவுப்பணி:
அதெல்லாம் காசு கொடுத்தால் நடக்கும். ஆள்? பத்து ஐசியு படுக்கை, படுக்கைக்கு ஒரு தாதி. வாரத்துக்கு 168 மணி, ஒருவர் 42 மணி உழைத்தால் நான்கு பேர். விடுமுறை, நோய், பயிற்சி சேர்த்தால் ஐந்து. ஆக 50 தாதியர், ஐசியுவுக்கு மட்டும். பல்கலைக்கழகம் பேராசிரியரைக் கொண்டுவரும். தேர்ந்த ஐசியு தாதியர் ஜிஎச்சிலிருந்துதான் வருவார்கள். ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்தில் ஊற்றுவதற்கா இவ்வளவு செலவு?

சட்டப்படி:
இன்னொரு முடிச்சும் உண்டு. ஜிஎச் சுகாதார அமைச்சின் கீழ். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்றவை உயர்கல்வி அமைச்சின் கீழ். தனி நிறுவனம் நடத்தினால் தனியார் மருத்துவமனைகளுக்கான 1998-ன் 586-ஆம் சட்டப்படி முதலில் அமைக்க அனுமதி, பிறகு இயக்க லைசென்ஸ். அரசு மருத்துவமனைக் கட்டண ஆணை அதற்குப் பொருந்தாது. ஜிஎச் கட்டணமான 1 ரிங்கிட், நிபுணருக்கு 5 ரிங்கிட் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, மீதியை யார் கட்டுவது என்றும் எழுத வேண்டும். அமெரிக்காவில் இது சரியாக அமையவில்லை. ஏழைகளுக்கான காப்பீடு குறைவாகவே கொடுத்ததால், 2023-ல் அந்த மருத்துவமனையே பணம் தீர்கிறது என்று எச்சரித்தது.

கடலோரம்:
அப்படியானால் தனி நிறுவனத்தை விடுகிறேன். அமைச்சே நடத்தட்டும். பினாங்கு ஜிஎச்சில் தனியார் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இப்போது பயில்வதுபோல, பல்கலைக்கழகம் விரிவுரையாளர்களோடு வரட்டும்.

இரவுப்பணி:
வரட்டும். ஆனால் ஒரு வரியை எழுதிவிட்டு வரட்டும்: இரவு இரண்டு மணிக்கு ஹவுஸ்மேன் (பயிற்சி மருத்துவர்) அழைத்தால் விரிவுரையாளர் எத்தனை நிமிடத்தில் படுக்கையருகே நிற்பார், நிற்காவிட்டால் நடவடிக்கை எடுப்பது மருத்துவமனை இயக்குநரா, பல்கலைக்கழக டீனா? கிங்-ட்ரூவில் மேற்பார்வை அறுந்த இடம் அதுதான்.

கடலோரம்:
இயக்குநர் என்றே எழுதலாம், அக்கா. ஐசியுவையும் முதல் ஆண்டில் திறக்க வேண்டாம். டயாலிசிஸ், பகல்நேர அறுவை சிகிச்சை, நிபுணர் கிளினிக் போதும். அதற்கே ஜிஎச் வரிசை குறையும்.

பட்டர்வொர்த்_பராமரிப்பு:
டயாலிசிஸ் என்றால் ஆர்ஓ (நன்கு வடிகட்டிய) தண்ணீர் வேண்டும். திரும்பவும் குழாய்க்கே வந்துவிட்டோம்.