புதுப்பிப்பு: சிக்கிய சீட் போஸ்ட் ஒருவழியாக வெளியே வந்தது

பழைய ரோடு சைக்கிளின் சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) அசையவே இல்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, கழன்றுவிட்டது! ஸ்டீல் பிரேமுக்குள் அலுமினிய போஸ்ட். ஈரத்தில் அலுமினியம் அரித்து, அந்த வெள்ளைப் பொடி உப்பி இறுக்கியிருந்தது.

பெடல் அச்சு சுழலும் பாகமான பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக்கி, உள்ளிருந்து துரு இளக்கும் எண்ணெய் விட்டு நான்கு நாள் ஊறவைத்தேன். அப்புறம் போஸ்ட்டின் தலையை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப்பிடியில்) கடிக்கவிட்டு பிரேமையே நெம்புகோலாகத் திருப்பினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு 'கிறீச்' என்று ஒரு சத்தம், மயிரிழை நகர்வு. அவசரப்பட்டு இழுக்காமல் இப்படியும் அப்படியும் திருப்பியே உருவினேன்.

போஸ்ட் நசுங்கிவிட்டது, போகட்டும், பிரேம் தப்பியது. அலுமினியத்தைக் கரைக்கும் காஸ்டிக் சோடா வரை போகவில்லை, நல்லவேளை. புது 27.2 மி.மீ. போஸ்ட்டுக்குத் தாராளமாக கிரீஸ் பூசியாயிற்று. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது.