டிபரன்சல், புறப்பலர் சாப்ட்: முன்மொழிந்த சொற்கள் குறித்து

அன்புடையீர்,

உதிரிகளாக வாங்கிப் பொருத்தும் விளையாட்டுக் காரிலிருந்து பின்சில்லுகளுக்கு நடுவே இருந்து அவற்றைச் சுழற்றும் டிபரன்சலையும், கியர்பெட்டியிலிருந்து அதற்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புறப்பலர் சாப்டையும் கழற்றும் கையேட்டுக்காக முன்மொழியப்பட்ட ‘வகையீட்டுப் பல்லிணை’, ‘உந்துதண்டு’ ஆகிய இரண்டையும் நான் ஏற்கவில்லை.

வகையீடு நம் உயர்தர மாணவர் இணைந்த கணிதத்தில் படிக்கும் சொல். அதைச் சில்லுகளுக்கு நடுவே வைத்தால் கருவியின் வேலை விளங்காது. அதன் வேலை பகிர்வது. நேர்ப்பாதையில் இரு பின்சில்லுகளும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. திருப்பத்தில் உட்சில்லு எவ்வளவு சுற்றை இழக்கிறதோ அவ்வளவை வெளிச்சில்லு பெற்றுக்கொள்வதால், இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் டிபரன்சலின் பெரிய பற்சக்கரமான கிறவுண் வீலின் சுற்றைப் போல் இருமடங்காகவே இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயலில் உழவு இயந்திரம் புதையும்போது ஒரு சில்லு வீணாகச் சுழல மற்றது அசையாமல் நிற்பதும் இதே கணக்குத்தான். ஆகவே ‘சுழற்சிப்பகிர்வி’, சுருக்கமாகப் ‘பகிர்வி’ என்பது என் முன்மொழிவு. இரு சில்லுகளையும் ஒன்றாகச் சுழல வைக்க உழவு இயந்திரச் சாரதி மிதிக்கும் டிப் லொக்குக்குப் ‘பகிர்விப்பூட்டு’ என்பது தானாகவே அமைந்துவிடும். லாண்ட் மாஸ்டர் எனும் இருசில்லு உழவு இயந்திரத்தைத் திருப்பும்போது ஒரு பக்கத்துக் கிளச்சை விடுவித்து அந்தச் சில்லுக்குப் போகும் விசையைத் துண்டிக்கிறோமே தவிரப் பகிர்வதில்லை. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிவது, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தொழிற்கல்வி வகுப்பில் இதை விளக்குபவருக்கு உதவும்.

‘உந்துதண்டு’ மீதான என் மறுப்பு இன்னும் கடுமையானது. 1957இல் வெளிவந்த இவ்வகை விளையாட்டுக் காரான லோட்டஸ் செவன், 1973இல் அதன் உரிமையைப் பெற்ற கேற்றராம் நிறுவனம் தயாரித்த கார்கள் ஆகியவற்றில் பலவற்றுக்கு ஃபோர்ட் கென்ட் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதில் வால்வுகளைத் திறப்பவை புஷ் றொட் எனும் நீண்ட கம்பிகள். உந்துதண்டு என்ற பெயருக்கு உரியவை அவையே. புஷ் றொட்டுக்கும் புறப்பலர் சாப்டுக்கும் ஒரே பெயரிட்டால், காரின் அடியில் படுத்திருக்க வேண்டியவர் எஞ்சினின் தலையைத் திறந்துகொண்டிருப்பார். வன்னியில் மோட்டார் சைக்கிளுக்கு ‘உந்துருளி’ என்ற சொல் ஊன்றிவிட்டதால், ‘உந்து’வுக்கு இன்னொரு சுமை வேண்டாம்.

காரின் நீளவாக்கில் கிடப்பதால் புறப்பலர் சாப்டை ‘நெடுக்குத்தண்டு’ என்போம். பகிர்வியிலிருந்து இருபுறமும் சில்லுகளுக்குச் செல்பவை ‘குறுக்குத்தண்டு’கள். கையேட்டின் ஒரு பகுதியில் இச்சொற்களைப் பொருத்திப் பார்த்தேன்:

“பகிர்வியின் எண்ணெயை வடித்து, குறுக்குத்தண்டுகளைக் கழற்றுக. நெடுக்குத்தண்டும் பகிர்வியும் இணையும் இரு தட்டுகளிலும் எதிரெதிரே அடையாளமிட்ட பின்னரே போல்ட்டுகளைக் கழற்றுக. திரும்பப் பூட்டும்போது அவை அதே நிலையில் சேராவிட்டால் அதிர்வு ஏற்படலாம். பகிர்வியை ஜக்கினால் தாங்கி இறக்கிய பின், நெடுக்குத்தண்டைப் பின்னோக்கி இழுக்கலாம். அதன் முன்முனை கியர்பெட்டியை விட்டு வெளிவரும்போது எண்ணெய் ஒழுகும் என்பதால் கீழே தட்டொன்றை வைத்துக்கொள்க.”

இதில் எங்கும் எனக்குத் தடுமாற்றம் ஏற்படவில்லை. பகிர்வி காரின் சட்டகத்திலேயே பூட்டப்பட்ட வகைக்கே இப்பகுதி பொருந்தும் என்பதைக் கையேட்டில் தனியாகக் குறிக்க வேண்டும்.

நெடுக்குத்தண்டு சாய்ந்த நிலையிலும் சுழல இடமளிக்கும் மூட்டான யூனிவர்சல் ஜொயின்ற் மட்டும் எஞ்சியுள்ளது. அதனுள் இருக்கும் சிலுவை வடிவ உறுப்பைக் கராஜ்காரர் ‘குறோஸ்’ என்கின்றனர். மன்னார்ப் பக்கம் சிலுவையைக் குருசு என்பதால் ‘குருசுமூட்டு’ எனலாமா? ‘எத்திசைமூட்டு’ என்பதைவிட அது வாய்க்கு எளிது என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துள்ளோர் எழுதுக.